வீகன் விருந்தாளிக்கு எந்த இனிப்பு? சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், மாத்திரை...

மூடுபனி (வில்பட்டி)

கொடைக்கானலுக்குச் சற்றுத் தள்ளி, வில்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு தங்கும் வீடு நடத்துகிறோம். சமையல் என் பொறுப்பு. போன வாரம் சென்னையிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். இருவரும் வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவர்கள். பால், தயிர், நெய் கூடாது என்று அறை கேட்கும்போதே சொல்லிவிட்டதால் அதில் சிக்கல் இல்லை. தேங்காய்ப்பால், கடலை எண்ணெய் என்று ஒப்பேற்றிவிட்டேன்.

காலையில் வரக்காபி கொடுத்தேன். "அக்கா, இது என்ன சர்க்கரை?" என்று அந்தப் பெண் கேட்டார். மளிகைக் கடைச் சீனிதான் என்றேன். சீனியை வெளுக்க மாட்டெலும்புக் கரி போடுகிறார்களாமே என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். சரி, தேன் ஊற்றித் தரட்டுமா என்றால் அது வேண்டவே வேண்டாமாம். கடைசியில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன், குடித்தார்கள்.

இப்படிக் கேட்பவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். அதனால் கேட்கிறேன். எலும்புக்கரி நம் ஊர்ச் சீனியிலும் உண்டா? வெல்லம், கருப்பட்டி, கல்கண்டு, சுகர்க்காரர்கள் போடும் மாத்திரை, இவற்றில் எதை நம்பி மேசையில் வைக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி_காபி

நல்ல காபிக்குச் சர்க்கரையே தேவையில்லை அக்கா. பிரச்சினை தீர்ந்தது.

ஆலைக்காரர் (உடுமலை)

சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எலும்புக்கரி கட்டுக்கதை இல்லை. மாட்டெலும்பைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்தால் கறுப்பாக, குருணை குருணையாக ஒரு பொருள் கிடைக்கும். பெயர்தான் கரி. அதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், உண்மையான கரி பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பழுப்புச் சர்க்கரையைத் திரும்பக் கரைத்து, இந்தக் கரி நிரப்பிய உயரமான தொட்டியின் மேலிருந்து விடுவார்கள். நிறம் கரியிலேயே தங்கிவிடும், கீழே தெளிந்த பாகு இறங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கும் முறை. அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் சில பெரிய ஆலைகளில் இன்றும் நடக்கிறது. எலும்பு சர்க்கரையில் கலப்பதில்லை, வடிகட்டி மட்டும்தான். அதுவும் ஆகாது என்பது வீகன்காரர்களின் கொள்கை, அதில் நாம் வாதாட முடியாது. ஐரோப்பாவில் பெரும்பாலும் பீட் கிழங்குச் சர்க்கரை. அதற்கு இந்தக் கரி தேவைப்படுவதே இல்லை.

நம் ஆலைகள் போகும் வழி வேறு. சாற்றைப் பிழிந்து, ஏறக்குறைய 70 டிகிரிக்குச் சூடாக்கி, சுண்ணாம்புப் பால் விட்டு, கந்தகத்தை எரித்து வரும் புகையை உள்ளே செலுத்துவோம். சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்ந்து படிவாகும்போது சாற்றின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். தெளிந்த சாறு வற்றிப் பாகான பிறகு இன்னொரு தடவை கந்தகப் புகை. இதைத்தான் இரட்டைக் கந்தக முறை என்பார்கள். அப்புறம் வெற்றிடக் கலத்தில் மணி பிடிக்கவைத்து, சுழல் இயந்திரத்தில் போட்டுக் கழிவுப்பாகைப் பிரித்தால் சீனி. இந்த வரிசையில் எலும்புக்கரிக்கு வேலையே கிடையாது.

மளிகைக் கடை மூட்டையில் எம்-30, எஸ்-30 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். எம், எஸ் என்பது மணியின் பருமன், 30 என்பது நிறத்தின் தரம். கந்தகம் சேராதது என்று கூடுதல் விலைக்கு விற்கும் ரிஃபைண்ட் சர்க்கரைக்கும் இங்கே பெரும்பாலும் அயனிமாற்றுப் பிசின்தான் நிறம் எடுக்கிறது.

அந்தப் பெண் தாராளமாகக் குடித்திருக்கலாம்.

நனிசைவன் (கோத்தகிரி)

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் வீகன். எங்கள் ஆட்கள் பலர் அமெரிக்க வலைத்தளங்களைப் படித்துவிட்டு இங்கே வந்து சீனி டப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அங்கேகூடப் பழுப்புச் சர்க்கரை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அங்கே கடைகளில் கிடைக்கும் பழுப்புச் சர்க்கரையில் பலவும், வெளுத்த சர்க்கரையில் கழிவுப்பாகைத் திரும்பக் கலந்து செய்ததுதான். கரி வழியாக வந்ததுதான் திரும்பவும் நிறம் ஏறி வருகிறது. ஆர்கானிக் சான்று பெற்றதென்றால் அங்கே எலும்புக்கரிக்கு அனுமதி இல்லை.

மூடுபனி அக்கா, உறையில் இருக்கும் பச்சைப் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அது சைவத்துக்கான குறி. பாலும் தேனும் அதன் கணக்கில் சைவம். தேன்மெழுகும், மிட்டாய்க்குப் பளபளப்பு ஏற்றும் அரக்கும்கூட அப்படித்தான். வீகனுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதி கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்து, மேலே ஒரு துளிர். சேர்மானம் மட்டுமல்ல, தயாரிக்கும்போது துணைக்குப் பயன்படுத்தும் எதுவும் விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. எலும்புக்கரி அங்கேயே அடிபட்டுப்போகும்.

என்ன, மண்டியில் உருட்டி வைத்திருக்கும் வெல்லத்தில் யார் போய் ‘வி’ ஒட்டப் போகிறார்கள்!

தாண்டிக்குடி_காபி

தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். எலும்பு வடிகட்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் மாட்டு வண்டியைப் பார்த்ததில்லையா? மேட்டில் ஏறும்போது வாயில் நுரை தள்ளும், நுகத்தடி உராய்ந்து கழுத்தில் காய்ப்புக் காய்த்திருக்கும். எலும்பான பிறகுதான் மாடு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

நனிசைவன் (கோத்தகிரி)

நியாயமான கேள்வி அண்ணே. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மாட்டின் உழைப்பு படாத சோறு என்று தேடப்போனால் பட்டினிதான் கிடக்க வேண்டும். இங்கிலாந்தில் 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தொடங்கிய வீகன் சங்கத்தின் வரையறையே, முடிந்தவரைக்கும் நடைமுறைக்கு ஒத்துவரும்வரைக்கும் விலக்கு என்பதுதான். எந்த மூட்டைக் கரும்பு டிராக்டரில் வந்தது, எது வண்டியில் வந்தது என்று உறையில் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் டிராக்டர் மூட்டையைத்தான் வாங்குவேன், கேலி செய்யாதீர்கள்.

தாண்டிக்குடி_காபி

கேலி இல்லை. பதில் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

சண்முகாநதி

வெல்லம் பற்றி யாரும் பேசவில்லையே. பழனியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்க்காரப்பட்டி. வெல்ல மண்டிக்குப் பேர் போன ஊர். இந்தப் பக்கம் கரும்பாலைகளில் எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவன்.

கொப்பரையில் சாறு கொதி வரும்போது கறுத்த நுரை மேலே திரளும். அதை ஓட்டைக் கரண்டியால் அள்ளி அள்ளி எறிய வேண்டும். அழுக்கு நன்றாகத் திரள்வதற்கு முன்பெல்லாம் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்து, அந்தக் கொழகொழத் தண்ணீரை ஊற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் சுண்ணாம்பு, சோடா. பாகு பொங்கி வழியப்போனால் கொஞ்சம் விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டால் அப்படியே அடங்கும். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, மரக்கரண்டியால் கிண்டி, சூடு பொறுக்கும் பக்குவத்தில் உருண்டை பிடிப்பார்கள். விலங்கிலிருந்து வந்த பொருள் என்று ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. சிலர் வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் போடுகிறார்கள், எடை கூடச் சீனியைக் கொட்டுகிறார்கள். மஞ்சள் மஞ்சளென்று பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கருஞ்சிவப்பாக, உடைத்தால் உள்ளேயும் அதே நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். இது வீகன் கணக்கில் வராது, வயிற்றுக் கணக்கில் வரும்.

விருந்தாளிகள் பழனிக்கும் போவார்கள், பஞ்சாமிர்தம் பற்றிக் கேட்பார்கள். விருப்பாச்சி மலைவாழை, கவுந்தப்பாடிச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, ஏலம் எல்லாம் சரி. கூடவே பசுநெய்யும் தேனும் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதும் இந்தச் சேர்மானத்துக்குத்தான். எனவே வீகன் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழிக்க வேண்டியதில்லை.

பனைமரத்துப்பட்சி

எங்களுக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். இப்போது கொடைக்கானலில் கருப்பட்டியும் சுக்குப்பொடியும் விற்கிறோம். எல்லாரும் கருப்பட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் விடிவதற்குள் அது கள். தடவினால் பதநீர். எங்கள் கடற்கரை ஊர்களில் அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியது. கிளிஞ்சல் என்றால் சிப்பி ஓடு. சிப்பி ஓர் உயிர்தானே? கடை வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மா இதைக் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூடுபனி (வில்பட்டி)

அடக் கடவுளே. நான் அதைத்தானே பத்திரமென்று கொடுத்தேன்!

ஆலைக்காரர் (உடுமலை)

கல்சுண்ணாம்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் நீற்றிய பிறகு ஒரே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆய்வுக்கூடத்தில் சாதாரணச் சோதனையில் இது கல், இது சிப்பி என்று பிரித்துச் சொல்ல மாட்டோம். காய்ச்சுமுன் பதநீரைத் தெளியவைத்து இறுத்துவிட்டால் சுண்ணாம்பில் பெரும்பங்கு கீழேயே தங்கிவிடும். பனங்கற்கண்டுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், சூப்பர் பாஸ்பேட் போட்டுச் சுண்ணாம்பை முறித்து வடிகட்டுவார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்து, கண்ணாடி டம்ளரில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல் உட்காரும். சுண்ணாம்பும் இருக்கும், மண்ணும் தூசும் இருக்கும். மேலாக இறுத்து, துணியில் வடிகட்டிக் காபிக்கு ஊற்றுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் இப்படிக் கொடுப்பதுதான் நல்லது.

நனிசைவன் (கோத்தகிரி)

கிளிஞ்சல் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கரையில் குவிந்து கிடக்கும் செத்த ஓட்டை அள்ளினால் என்ன தப்பு என்பார் ஒருவர், உயிரோடு வாரி எடுத்ததாகவும் இருக்கலாமே என்பார் இன்னொருவர். என் நிலை: பதநீர் குடிப்பேன், கருப்பட்டி தின்பேன். எலும்புக்கரிக்காக மாடு வளர்ப்பதில்லை, ஆனால் இறைச்சித் தொழிலுக்கு அது உபரி வருமானம். கரையொதுங்கிய ஓட்டுக்கு அப்படி ஒரு கொலைத்தொழில் பின்னால் இல்லை.

ஆனால் விருந்தாளிக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது, சிப்பிச் சுண்ணாம்பாக இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மறுப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கரும்பு வெல்லம் இருக்கிறது.

பெரும்பாறை_மழை

தேன் பக்கம் வருவோம். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து தேன் வாங்கிக் கைமாற்றி விடுகிறவன் நான், அதனால் என் பேச்சில் சார்பு உண்டு, தெரிந்தே கேளுங்கள்.

மலைத்தேனீ பாறை விளிம்பில் ஒற்றை அடையாகக் கட்டும். ஆள் உயரம்கூட வரும். அடையின் மேல்மூலையில் ஓரிடம் தடித்திருக்கும், தேன் அங்கேதான். மீதியெல்லாம் குஞ்சு அடை. பழகிய கை தடித்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுக் குஞ்சை விட்டுவிடும். குஞ்சு இருந்தால் ஈ திரும்ப வந்து உட்காரும், அடுத்து ஒரு தடவை எடுக்கலாம். காட்டைத் தெரிந்தவர்கள் அதை அழிக்க மாட்டார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள் மீது இவர்களுக்கு உரிமை கொடுக்கிறது, அந்தப் பட்டியலில் தேனும் இருக்கிறது. உங்கள் நீலகிரியில் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் வீடுகளிலும் இதே பிழைப்புதான்.

விருந்தாளி தேன் வேண்டாம் என்றால் கொடுக்காதீர்கள். அது அவர் நாக்கு, அவர் மனசு. ஆனால் தேன் எடுப்பதே கொடுமை என்று இந்த மலையில் ஏறி வந்து பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கயிற்றில் தொங்கிக் கொட்டு வாங்கியது யார்?

நனிசைவன் (கோத்தகிரி)

அண்ணே, கோபம் புரிகிறது. கயிற்றில் தொங்குபவரை நான் குற்றம் சொல்லவில்லை. கோத்தகிரியில் கீஸ்டோன் போன்ற அமைப்புகள் குறும்பர்களோடு சேர்ந்து குஞ்சு அடையை விட்டு எடுக்கும் முறைக்குப் பல ஆண்டுகளாக வேலை செய்வதை நானும் பார்க்கிறேன். இருந்தாலும் தேன் ஈக்கள் தங்களுக்காகச் சேர்த்த தீனி. புகை போடும்போது எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சில ஈக்கள் சாகும். எனக்கு அது இல்லாமல் காபி இறங்குகிறது. பிறகு எதற்கு? மாட்டு வண்டிக் கரும்பை விடுவது கடினம், தேனை விடுவது சுலபம். அவ்வளவுதான் என் கணக்கு.

அவர்களிடம் நெல்லி, கடுக்காய், சீயக்காய் வாங்குகிறேன். தேன் வாங்காததால் உறவு அறுந்துவிடவில்லை.

தாண்டிக்குடி_காபி

என் தோட்டத்து ஓரமாக அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். காபி பூக்கும்போது விடிகாலையில் நின்று பார்த்தால் செடி முழுக்க ரீங்காரம். நான் அவற்றுக்கு இடம் கொடுக்கிறேன், அவை எனக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் தேனீ நோய் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியானபோது, திரும்பக் கூட்டம் பிடித்துப் பெருக்கியதும் தேன் எடுக்கிறவர்கள்தான். இதையும் கணக்கில் சேருங்கள் தம்பி.

நனிசைவன் (கோத்தகிரி)

சேர்க்கிறேன் அண்ணே. பெட்டி வையுங்கள், தேனை அவற்றுக்கே விட்டுவிடுங்கள் என்பேன்.

தாண்டிக்குடி_காபி

அதற்குப் பெட்டி வாங்கிய காசை நீங்கள் கொடுங்கள் :)

கூடலூர்_குருவி

நடுவில் நுழைகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவரும் என் அக்கா பேச்சைக் கேட்டு வீகனாகிவிட்டார். டீயில் போடும் இனிப்பு மாத்திரை சைவமா, வீகனா? உறையின் பின்பக்க எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது.

ஆலைக்காரர் (உடுமலை)

இனிக்கும் பொருளில் பிரச்சினை இல்லை, கூட இருக்கும் நிரப்பியில்தான். சாக்கரின் 1879இலேயே கண்டுபிடித்தது, ரசாயனத் தயாரிப்பு. அஸ்பார்டேம் 1965, இரண்டு அமினோ அமிலங்களை இணைத்தது. சுக்ரலோஸ் சீனியிலிருந்தே குளோரின் ஏற்றிச் செய்வது. இவை எல்லாம் சீனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இனிப்பு, ஆகவே கடுகளவுதான் தேவை. அந்தக் கடுகளவைக் கையில் எடுக்கும்படியாக்க ஒரு பொடியில் கலந்து மாத்திரை ஆக்குவார்கள். பல தயாரிப்புகளில் அந்தப் பொடி லாக்டோஸ். அதாவது பால் சர்க்கரை. உறைகளில் அடைத்து வரும் பொடியிலும் பார்த்திருக்கிறேன்.

கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். லாக்டோஸ் என்றிருந்தால் வீகன் இல்லை. மக்னீசியம் ஸ்டியரேட் என்றிருந்தால் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், கொழுப்பிலிருந்தும் வரலாம், நிறுவனத்தைக் கேட்டால்தான் தெரியும். சொட்டு மருந்துபோல வரும் திரவ இனிப்பில் லாக்டோஸ் பொதுவாக இருக்காது.

சண்முகாநதி

அஸ்பார்டேம் புற்றுநோய் என்று வாட்ஸப்பில் வந்ததே?

மட்டுறுத்துநர்

உடல்நலம் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வீகனா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கு எதைச் சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நனிசைவன் (கோத்தகிரி)

குருவி, சீனித்துளசியும் (ஸ்டீவியா) ஒரு வழி. இலையைக் காயவைத்துப் பொடித்து டீயோடு கொதிக்க விடலாம், கடைசியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். ஊட்டிக் குளிரில் உறைபனிக்குச் செடி தாங்காது, கூடலூர் வெக்கைக்கு வரும். கடைகளில் வெள்ளைப் பொடியாகக் கிடைப்பது இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்து. அங்கே ஒரு நெருடல் உண்டு: செயற்கையோ இயற்கையோ, அரசு அனுமதிக்காக இந்தப் பொருள்களையெல்லாம் எலிகள் மேல் சோதித்திருக்கிறார்கள். சாக்கரினுக்காக 1970களில் செத்த எலிகள் கொஞ்சமல்ல. அதற்காகச் சில வீகன்கள் இவை எதையும் தொடுவதில்லை. அப்பாவுக்கு நோய் என்னும்போது அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

வீட்டில் நாய் இருந்தால் சைலிடால் கலந்தது எதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு இனிப்பு, அதற்கு நஞ்சு.

கூடலூர்_குருவி

பார்த்துவிட்டேன். லாக்டோஸ் என்றுதான் போட்டிருக்கிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. திரவம் வாங்கி மாற்றிவிடுகிறேன்.

மூடுபனி (வில்பட்டி)

எல்லாருக்கும் நன்றி. நான் செய்யப்போவது இதுதான். எம்-30 சீனி ஒரு டப்பா, நெய்க்காரப்பட்டிக் கருஞ்சிவப்பு வெல்லத்தைத் தட்டி ஒரு டப்பா, இவை இரண்டும் எப்போதும் மேசையில். கருப்பட்டிப் பாகு வடிகட்டியது, கேட்டால் மட்டும், சுண்ணாம்பு விவரத்தோடு. தேனை எடுத்துவிடப் போவதில்லை, பெரும்பாறை அண்ணன் தருவதைத் தனி அலமாரியில் வைக்கிறேன். ஒரே கரண்டியை இரண்டிலும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று. அடுத்த வாரம் வருகிறவர்கள் ஊட்டி வழியாக வருகிறார்கள், வர்க்கி வாங்கி வருகிறோம் என்கிறார்கள். அவர்களும் வீகன். வர்க்கி ஆகுமா?

நனிசைவன் (கோத்தகிரி)

சீனியால் பிரச்சினை இல்லை அக்கா, கொழுப்பால்தான். மைதா, சீனி, உப்பு, புளித்த மாவு வரை சரி. அதன்பிறகு சில பேக்கரிகளில் நெய், சிலவற்றில் வனஸ்பதி. வனஸ்பதி என்றால் தின்னலாம். வாங்கும் இடத்தில் "நெய்யா, டால்டாவா?" என்று கேட்கச் சொல்லுங்கள், நேராகவே சொல்லிவிடுவார்கள். நெய் போட்டவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், அதுதான் வசதி. ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்கள், கறுப்புச் சாக்லேட் என்று எழுதியிருந்தாலும் பால்பொடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.